பத்தொன்பது வயதில் ஒன்பது இலட்சம் டொலர்: பெத்தர்சன் ஒப்பந்தம் பற்றி

கேள்வி (மொன்றியலில் இருந்து ஒரு தம்பி, 25 மே 2018):
வன்கூவர் ஐஸ் ஹொக்கி அணி அந்தச் சுவீடன் பெடியன் எலியாஸ் பெத்தர்சனோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டுவிட்டதாம். வயது பத்தொன்பது. வருடம் ஒன்பது இலட்சத்துக்கு மேல். இனி அவர் விளையாடினால் என்ன, விளையாடாவிட்டால் என்ன, ஆள் செற்றில். நாங்கள் எல்லாம் என்னத்துக்குப் படிச்சனாங்கள்?

26 மே 2018

ஆள் இன்னும் செற்றில் இல்லை தம்பி. 925,000 அமெரிக்க டொலர் என்பது 2017 தெரிவில் (அணிகள் முறைவைத்துப் புதிய பெடியன்களை எடுக்கிற நிகழ்வு) எடுபட்ட எந்தப் பெடியனுக்கும் கொடுக்கக்கூடிய உச்ச அடிப்படைச் சம்பளம். அணி விரும்பினாலும் அதற்கு மேல் ஒரு சதம் கொடுக்க லீக் (என்.எச்.எல்., வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்) விடாது. அந்த உச்சமும் என்.எச்.எல். பட்டியலில் பெயர் இருக்கும் நாட்களுக்குத்தான். 'நீ இன்னும் பழுக்கவில்லை' என்று நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிற யூற்றிக்காவுக்கு, அதாவது ஒரு படி கீழான ஏ.எச்.எல். லீக்கில் வன்கூவருக்கு இருக்கிற அணிக்கு, அனுப்பிவிட்டால் அதே ஒப்பந்தத்தில் இரண்டாவதாக எழுதியிருக்கும் சம்பளம் தொடங்கும். அதற்கு உச்சம் வருடம் 70,000. மோசமில்லைதான், ஆனால் ரொறொன்ரோவில் பஸ் ஓட்டுகிற என் மச்சான் ஓவர்ரைம் செய்தால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடுவார். ஏ.எச்.எல்.காரரும் அநேகமாக பஸ்ஸில்தான் ஊர் ஊராகத் திரிவார்கள், ஓட்டுவதில்லை, அவ்வளவுதான்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலில் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது. ஒரு ஏஜென்சி மூலம், களஞ்சிய வேலை. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை நாற்பதால் பெருக்கி, பிறகு ஐம்பத்திரண்டால் பெருக்கி, இரவோடு இரவாக ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்று அந்தத் தாளில் எங்கேயுமே எழுதியிருக்கவில்லை. முதல் கிழமை எனக்குக் கிடைத்தது பதினொரு மணித்தியாலம். அம்மா அதற்குள் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

அதே நாள், இரவு

போனஸை விட்டுவிட்டேன். கையெழுத்துப் பணம் என்று ஒன்று உண்டு, அந்த 925,000இன் உள்ளேயே பத்து வீதம் வரை போடலாம். அது மட்டும்தான் எந்த அணியில் விளையாடினாலும் கைக்கு வரும் காசு. வெளியே திறமைப் போனஸ் இரண்டு வகை. முதல் வகையை அணி கொடுக்கும்: 20 கோல், 35 உதவி (மற்றவர் கோல் போடக் கொடுத்த பாஸ்), 60 புள்ளி (கோலும் உதவியும் கூட்டியது) மாதிரி எல்லைகள், ஒவ்வொன்றுக்கும் 212,500 வரை, மொத்தம் 850,000க்கு மேல் போகாது. மற்ற வகை லீக்கின் உச்சியில் நிற்பவர்களுக்கு, அது இரண்டு மில்லியன் வரை போகும். பத்திரிகைகள் எல்லாவற்றையும் கூட்டி 3.775 மில்லியன் என்று எழுதுவது இதனால்தான். முதல் வருடத்திலேயே இதெல்லாம் எடுக்கிற பெடியனை நான் கண்டதில்லை.

27 மே 2018

"அவர் எடுப்பார்" என்று மொன்றியல் தம்பி அடம்பிடிக்கிறார். சரி, சுவீடனில் செய்ததைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். வெக்ஷோ அணிக்கு 44 ஆட்டங்களில் 24 கோல், 32 உதவி. 56 புள்ளி. அந்த உயர் லீக்கில் இருபது வயதுக்குட்பட்ட எவரும் எடுக்காத கணக்கு, 1975-76இல் கென்ற் நில்சன் எடுத்த 53ஐ நாற்பத்திரண்டு வருடம் யாரும் தொடவில்லை. அதற்கு மேல் பிளேஓஃப் 13 ஆட்டங்களில் 19 புள்ளி, அணிக்குக் கிண்ணம், போன கிழமை உலக சம்பியன்ஷிப்பில் சுவீடனுக்குத் தங்கம் (அதில் இவர் இடையிலேயே பெருவிரலை உடைத்துக்கொண்டார்).

ஆனால் ஆளைப் பாருங்கள். ஆறடி இரண்டு அங்குலம், எடை 75 கிலோ. எங்கள் ஊரில் இப்படி ஒரு பெடியன் வந்தால் முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பெயரே கேட்பார்கள். ஐரோப்பாவில் ஐஸ் தளம் அகலம், ஓடி ஒளிய இடம் உண்டு. இங்கே நான்கு மீற்றர் அளவு ஒடுக்கம், திரும்புகிற பக்கமெல்லாம் ஒருவன் நிற்பான். நத்தாருக்குள் யூற்றிக்காவில் இருப்பார் என்று பந்தயம். தோற்றவர் கொத்துரொட்டி வாங்கித் தரவேண்டும், ஆட்டுக் கொத்து, முட்டை இரண்டு.

28 மே 2018

யாரோ கேட்டிருக்கிறார்கள், எனக்கு இந்தப் பெடியனில் என்ன கோபம் என்று. கோபம் ஒன்றுமில்லை. எனக்கு நினைவில் நிற்பது அவருடைய தமையன்.

எலியாஸ் வளர்ந்தது ஓங்கே என்கிற இடத்தில், சுவீடனின் நடுப்பகுதியில், மூவாயிரம் பேர் அளவில் இருக்கிற ஊர். அப்பாவுக்கு ஊர் ஐஸ் அரங்கில் வேலை, ஐஸைச் சீர்செய்கிற வண்டியை ஓட்டுவது அவர்தான். அதனால் அரங்கின் சாவி வீட்டில் இருந்தது. கதவைத் திறந்து, லைற்றைப் போட்டு, தமையனும் தம்பியுமாக ஆசைதீர விளையாடலாம். இங்கே நாங்கள் பிள்ளைக்கு ஒரு மணித்தியால ஐஸுக்குக் கட்டுகிற காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

தமையன் எமில், ஐந்து வயது மூத்தவர். அதே வீடு, அதே ஐஸ், அதே சாவி. 2013இல் நாஷ்வில் அணி அவரை ஆறாவது சுற்றில், 155ஆவது ஆளாக எடுத்தது. நான்கு வருடம் சுவீடனிலேயே விளையாடி, போன வருடம்தான் முதல் ஒப்பந்தம் கிடைத்தது. இருபத்து மூன்று வயதில் கையெழுத்து என்பதால் இரண்டே வருடம் (பதினெட்டில் இருந்து இருபத்தொன்று வரை என்றால் மூன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்றால் இரண்டு, இருபத்து நான்கு என்றால் ஒன்று). இந்தப் பருவம் முழுவதும் மில்வோக்கியில், ஏ.எச்.எல்.இல் விளையாடினார். என்.எச்.எல்.இல் ஓர் ஆட்டம்கூட இல்லை. அவரும் 'என்.எச்.எல். ஒப்பந்தம்' போட்டவர்தான். ஓங்கேயில் அன்றைக்கும் யாராவது "ஆள் செற்றில்" என்று சொல்லியிருப்பார்கள்.

2 ஜூன் 2018

இன்னொரு விசயம், இதில் அணிக்குத்தான் எப்போதும் லாபம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக விளையாடினால் அந்த வருடம் கணக்கில் வராது, மூன்று வருடமும் அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும். மலிவான ஆளை அணி இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கலாம். ஆகவே வன்கூவர் இவருக்கு ஒன்பது ஆட்டம் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் ஆச்சரியப்படவேண்டாம்.

3 ஜூன் 2018

நேற்று எழுதியது பிழை. விதி சரி, பெத்தர்சனுக்குத்தான் பொருந்தாது. பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போட்டவர் செப்ரெம்பர் 16க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் இருபதை எட்டினால் அந்தத் தள்ளிப்போடல் கிடையாது. இவர் பிறந்தது 12 நவம்பர் 1998. பிறந்த திகதி காப்பாற்றிவிட்டது. சாதகம் பார்க்கிற ஆட்கள் இதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விதி வேலை செய்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் லியாஸ் அண்டர்சன். அதே 2017 தெரிவில் பெத்தர்சன் ஐந்தாவது, இவர் ஏழாவது, நியூயோர்க் றேஞ்சர்ஸ். அந்த யூலையிலேயே கையெழுத்துப் போட்டார். சுவீடனில் ஃபிரலுண்டா அணிக்கு விளையாடிவிட்டு இந்த மார்ச்சில் நியூயோர்க் வந்து ஏழு ஆட்டம், முதல் ஆட்டத்திலேயே கோல். ஏழு என்பது பத்துக்குக் குறைவு, வருடம் தள்ளிப்போய்விட்டது. பெத்தர்சன் அவசரப்படாமல் ஒரு வருடம் வெக்ஷோவில் இருந்து, சாதனையோடு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். எது புத்தி என்று இப்போதைக்குச் சொல்லமாட்டேன். லியாஸும் கெட்டிக்காரர். ஜூனியர் உலக சம்பியன்ஷிப் வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தாரே, அவர்தான்.

9 ஜூன் 2018

"ஏன் இந்த உச்ச வரம்பு, திறமைக்கு ஏற்ற காசு கொடுத்தால் என்ன" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். 1993இல் ஒட்டாவா அணி அலெக்ஸாந்தர் டேய்க் என்கிற கியூபெக் பெடியனை முதலாவதாக எடுத்து, ஓர் ஆட்டமும் ஆடமுன்னரே ஐந்து வருடத்துக்கு 12.25 மில்லியன் எழுதிக் கொடுத்தது. பெடியன் மோசமில்லை, ஆனால் அந்தக் காசுக்கு அவர் விளையாடவில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், முதலாளிமார் பயந்தார்கள். 1994-95 கதவடைப்பு முடிந்து புதிய உடன்பாடு வந்தபோது புதியவர்களுக்கு 850,000 என்று வரம்பு போட்டார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய 925,000. மூத்தவர்களின் சங்கமும் சேர்ந்துதான் இதற்குத் தலையாட்டியது. சங்கத்தில் இன்னும் சேராத பெடியனுக்கு அங்கே வாக்கு ஏது?

அதற்கும் முந்திய கதை பொர்யே சால்மிங். 1973இல் ரொறொன்ரோ அவரைச் சுவீடனில் இருந்து நேரே கூட்டிவந்தது, தெரிவும் இல்லை வரம்பும் இல்லை. சுவீடன்காரர் பயந்தவர்கள் என்று எதிரணிகள் அடித்துப் பார்த்தன. அவர் பதினாறு பருவம் இங்கே நின்றார். என் முதல் வேலைத்தலத்தில் ஒரு வயதான இத்தாலியர் இருந்தார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைத்தான் சொல்லுவார்: 1976 கனடாக் கிண்ணத்தில் சால்மிங் சுவீடன் உடுப்போடு வருகிறார், ரொறொன்ரோச் சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது, விடவே இல்லையாம். ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாத எனக்கு அந்த ஒரு கதையில்தான் பிடிப்பு வந்தது.

4 ஒக்டோபர் 2018

வன்கூவர் ஆட்டம் எங்களுக்கு இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். விடிய ஐந்துக்கு எழும்பவேண்டியவன் பார்க்கக்கூடாத ஆட்டம். பார்த்தேன். கல்கரியோடு முதல் ஆட்டம், ஒரு கோல், ஓர் உதவி. அந்தக் கோலைப் பார்த்து நித்திரை போய்விட்டது. 75 கிலோ என்று எழுதியவன் நான்தான், ஓம், தெரியும். ஆனால் நத்தாருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

14 ஒக்டோபர் 2018

நேற்றுப் புளோரிடாவில் மதிசன் என்கிற தடுப்பாட்டக்காரர் அவரைச் சுவரோடு அழுத்தி, பிறகு தூக்கி ஐஸில் போட்டார். தலையில் அடி. நான் சொன்னது நடந்தது என்று சந்தோசப்படலாம் என்று பார்த்தால், அப்படி ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்த என் மகன் "அப்பா, இனி நான் விளையாடப் போகவேண்டாமா" என்று கேட்டான். ஒன்பது வயது. பதில் சொல்லத் தெரியாமல் சானலை மாற்றினேன்.

3 நவம்பர் 2018

மதிசனுக்கு இரண்டு ஆட்டத் தடை. பெத்தர்சன் ஆறு ஆட்டத்துக்குப் பிறகு திரும்பிவிட்டார். நேற்றிரவு கொலராடோவோடு ஐந்து புள்ளி. கொத்துரொட்டி விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.

26 டிசம்பர் 2018

தோற்றேன். மொன்றியல் தம்பி இந்தப் பக்கம் வந்தால் கடன் தீர்ப்பேன். ஆட்டுக் கொத்து, முட்டை இரண்டு, மறக்கவில்லை.

20 ஜூன் 2019

நேற்று லாஸ் வேகாஸில் கால்டர் கிண்ணம், வருடத்தின் சிறந்த புதியவர். 71 ஆட்டங்களில் 28 கோல், 38 உதவி, 66 புள்ளி. வன்கூவரின் புதியவர் சாதனை 60 (ஹ்லிங்கா, பிறகு பூரே), அதையும் தாண்டிவிட்டார். போன மே மாதம் நான் எழுதிய 20, 35, 60 எல்லைகளைத் திரும்பப் பாருங்கள். மூன்றையும் முதல் வருடத்திலேயே கடந்திருக்கிறார். 'கண்டதில்லை' என்று எழுதியவன் இப்போது கண்டுவிட்டேன்.

தமையன் எமில் வட அமெரிக்காவை விட்டுச் சுவீடனுக்குத் திரும்புகிறார், வெக்ஷோவுக்கு, தம்பி சாதனை செய்த அதே அணிக்கு. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தது, என்.எச்.எல். ஆட்டம் பூச்சியம். இதைத் தோல்வி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டு அழித்தேன். என் அண்ணை இரண்டு வருடம் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் போய்விட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். கடை போட்டார், வீடு கட்டினார், பிள்ளைகளோடு இருந்தார். நாங்கள்தான் கனகாலம் அவரைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். அவர் ஒருநாளும் தாழ்த்தியதில்லை.

27 டிசம்பர் 2019

லியாஸ் அண்டர்சன் ஹார்ட்ஃபோர்ட் ஏ.எச்.எல். அணியை விட்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். றேஞ்சர்ஸ் சம்பளமில்லாமல் இடைநிறுத்தியிருக்கிறது. இருபத்தொரு வயது. மேலும் கீழுமாக இரண்டு வருடம் இழுபட்ட பெடியன் சாமான் கட்டிக்கொண்டு போனால் நான் குறை சொல்லமாட்டேன். இங்கே கீழே ஒருவர் "காசு வாங்கிவிட்டு ஓடுகிறான்" என்று எழுதியிருக்கிறார். சம்பளம் நின்றுவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன், வாசித்துவிட்டு எழுதுங்கள்.

5 ஒக்டோபர் 2021

இந்த இழையை யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள், ஆகவே கணக்கு முடித்துவிடுவோம். பெத்தர்சனின் முதல் மூன்று வருடம் முடிந்து, பயிற்சி முகாமுக்குப் போகாமல் இருந்து, இப்போது அடுத்த மூன்று வருடத்துக்கு 22.05 மில்லியன். வருடம் சராசரி 7.35. கடைசிப் பருவத்தில் மணிக்கட்டு அடிபட்டு 26 ஆட்டம்தான் விளையாடினார், பேரம் பேச அது உதவியிருக்காது. முதல் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் சுதந்திரம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரிமை அணியிடம்தான். சம்பள நடுவரிடம் போகிற தகுதியும் அவருக்கு இன்னும் வரவில்லை. கையில் இருந்த பெரிய ஆயுதம், வீட்டில் இருப்பது. அணித் தோழர் ஹியூஸும் அவரும் ஒரே நேரத்தில் அதைத்தான் செய்தார்கள்.

13 நவம்பர் 2022

இது ஒப்பந்தக் கதை இல்லை. நேற்று ரொறொன்ரோவில் சால்மிங்கை ஐஸுக்குக் கூட்டிவந்தார்கள். நரம்பு நோய், பேச முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பழைய தோழர்கள் கையைப் பிடித்து உயர்த்தினார்கள். ரொறொன்ரோவின் தொடக்க ஆறு பேரும் சுவீடன்காரர், எதிரே வன்கூவர், அங்கே பெத்தர்சன். என் இத்தாலியக் கிழவர் இப்போது உயிரோடு இல்லை. சனம் எழும்பி நின்றது. இந்த முறை நானும் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்றேன், மகன் சிரித்தான், பிறகு அவனும் எழும்பினான்.

25 நவம்பர் 2022

சால்மிங் நேற்றுக் காலமானார்.

3 மார்ச் 2024

எட்டு வருடம், 92.8 மில்லியன். வருடம் 11.6. மொன்றியல் தம்பி, இப்போது ஆள் செற்றில். நீங்கள் சொல்லி ஆறு வருடம் பிந்தி.

2 பெப்ரவரி 2025

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், பெத்தர்சனை ஏ.எச்.எல்.இல் இருந்து இப்போதுதானே மேலே எடுத்தார்கள், என்ன கதை விடுகிறீர்கள் என்று. ஐயா, அது வேறு எலியாஸ் பெத்தர்சன். உண்மையாகத்தான். அவரும் சுவீடன், 2004இல் பிறந்தவர், தடுப்பாட்டக்காரர். 2022இல் மூன்றாவது சுற்றில் 80ஆவதாக எடுத்தது இதே வன்கூவர்தான். முதலாமவர் 40ஆம் இலக்கம், இவர் 25. போதாதென்று முந்தாநாள் பிற்ஸ்பேர்க்கில் இருந்து மார்க்கஸ் பெத்தர்சன் என்று இன்னொரு தடுப்பாட்டக்காரரையும் வாங்கியிருக்கிறார்கள், அவரும் சுவீடன். மூன்று பேருக்கும் சொந்தமில்லை. எங்கள் ஆட்களைப் போலத் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டிருந்தால் அறிவிப்பாளருக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்காது.

சின்ன எலியாஸ்தான் நான் 2018இல் சொன்ன பாதையில் வருகிறவர். மூன்றாம் சுற்று, அபொட்ஸ்ஃபோர்ட்டில் ஏ.எச்.எல்., பிறகு மேலே ஓர் அழைப்பு. பெரியவர் மாதிரி நேரே உச்சிக்கு வருகிற ஆட்கள் மிகக் கொஞ்சம். என் கணக்கு முழுப் பிழையில்லை, ஆளைத்தான் பிழையாகப் பிடித்துவிட்டேன்.

8 பெப்ரவரி 2025

மொன்றியல் தம்பியே வந்து எழுதியிருக்கிறார். ஏழு வருடத்தில் கலியாணம் கட்டி, பிள்ளைக்கு நாலு வயது, ஸ்கேற்றிங் வகுப்பில் சேர்த்திருக்கிறாராம். "இப்ப முதல் ஒப்பந்தம் எவ்வளவு அண்ணை?" என்று கேட்கிறார். 2022, 2023 தெரிவுகளுக்கு 950,000, 2024, 2025க்கு 975,000, 2026க்கு ஒரு மில்லியன். உங்கள் பிள்ளை பதினெட்டாகும்போது என்னவோ, அதற்கு இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. இப்போதைக்குப் புது ஸ்கேற் வாங்கவேண்டாம், வருடத்துக்கு இரண்டு அளவு கால் வளரும். என் மகனின் பழசு நிலவறையில் மூன்று சோடி கிடக்கிறது, சின்ன அளவு. அடுத்த சனிக்கிழமை ஸ்காபரோப் பக்கம் வருவதென்றால் எடுத்துக்கொண்டு போங்கள், கொத்துரொட்டிக் கடனையும் அன்றைக்கே முடித்துவிடலாம். விலை இரண்டு மடங்காகிவிட்டது, முட்டை இப்போது ஒன்றுதான்.